இடியப்பத்தின் அடிப்பக்கம்: மகளின் சாப்பாட்டுக்காகச் செய்த வேலைகள்

போன கிழமை மகள் ஒரு முழுப் பருப்பு வடையைச் சாப்பிட்டாள். எட்டு வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. வீட்டில் ஒருவரும் கைதட்டவில்லை. பாராட்டினால் அடுத்த நாள் வடைப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். மனைவி கொப்பியில் 'வடை, முழுசு, 4 மி.மீ.' என்று மட்டும் எழுதி வைத்தாள். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் திருகோணமலையில் வயரிங் வேலை செய்கிறவன். சமையலும் வைத்தியமும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு லைன் வேலை செய்யாவிட்டால் பிழை எங்கே என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கத் தெரியும். இதையும் அப்படித்தான் பார்த்தோம்.

தொடங்கும்போது அவள் சாப்பிட்டது இவ்வளவுதான்: உப்புவெளியில் ஒரு வீட்டுக் கடையின் வெள்ளை இடியப்பம், சொதியோ சம்பலோ படாமல். ஒரே கம்பனியின் மேரி பிஸ்கட், உடையாமல். டச்சு விரிகுடாக் கடற்கரையில் விற்கும் மரவள்ளிப் பொரியல், மிளகாய்த்தூள் போடாமல். நீலக் கப்பில் பால்மாப் பால். எல்லாம் வெள்ளை, அல்லது வெள்ளைக்குக் கிட்டிய மஞ்சள். எல்லாம் ஒவ்வொரு வாய்க்கும் ஒரே மாதிரி இருப்பவை. சோறு, பருப்பு, மீன், கீரை எல்லாவற்றையும் பிசைந்து ஒரு கவளமாக ஊட்டுவதுதான் எங்கள் பக்கத்துப் பாசம். அவளுக்கு அதைவிடக் கஷ்டமானது வேறில்லை. ஒரே கவளத்தில் நாலு பதம், நாலு மணம். எது எப்போது பல்லில் படும் என்று சொல்லவும் ஏலாது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. லியோ கனர் 1943இல் முதன்முதல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே, பலருக்குச் சாப்பாட்டில் சிக்கல் இருந்ததையும் இரைச்சல் போடும் வீட்டுச் சாமான்களுக்குப் பயந்ததையும் குறித்திருக்கிறார். ஒலி, மணம், தொடுகை போன்றவற்றை மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது, 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. அதே ஆண்டில் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுச் சிக்கல் வருவதற்கான வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கணக்கிட்டார்கள். படித்தது இவ்வளவும் போதும் என்று வேலையில் இறங்கினோம்.

வேலைக்கு முன்னால் ஒரு சோதனை. கரண்ட் வேலையிலும் முதலில் மெயின் சுவிட்சைத்தான் பார்ப்போம். பல்லில் சூத்தை, மலச்சிக்கல், நெஞ்செரிவு, மெல்லுவதிலும் விழுங்குவதிலும் கஷ்டம் – இதில் ஏதாவது இருந்தால் இடியப்பத்தை எவ்வளவு அளந்தும் பயனில்லை. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரும்புச்சத்து குறைவு. அவள் ஒரு நாளில் குடித்த பாலின் அளவைக் கேட்டதும் அதைத்தான் முதலில் குறைக்கச் சொன்னார்: பால் கூடினால் வயிறு நிறையும், வேறு சாப்பாடு இறங்காது, பாலில் இரும்பும் மிகக் குறைவு. மலச்சிக்கலுக்கும் மருந்து தந்தார். வெளிநாடுகளில் இப்படி இரண்டு மூன்று உணவில் மட்டும் வாழ்ந்த ஆட்டிசப் பிள்ளைகளுக்கு வைட்டமின் சி இல்லாமல் பல் முரசு வீங்கி, கால் நொந்து, ஸ்கர்வி என்ற பழைய கப்பல்காரரின் நோய் வந்ததை மருத்துவ இதழ்கள் பதிந்திருக்கின்றன. அதைக் கேட்ட பிறகு மனைவி இரண்டு நாள் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

இந்த நேரம் பார்த்து இடியப்பக் கடை அம்மா கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டார். வேறு கடைகளில் வாங்கினோம். ஒன்று சிவப்பு, ஒன்று தடிப்பு, ஒன்று ஈரம். மூன்றையும் தள்ளிவிட்டாள். பால் மட்டும்.

"பசி ருசி அறியாது தம்பி, ஒரு நாள் விட்டுப் பாருங்கோ, தானாத் தின்னுவா," என்றார் மாமி.

அந்தப் பழமொழி சொன்னவர் இப்படியான பிள்ளையைப் பார்த்திருக்கமாட்டார். பசி எடுக்கிறது என்பதே சில ஆட்டிசப் பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. தெரிந்தாலும், வாய்க்கு ஒவ்வாத ஒன்றைப் பசி ஒவ்வ வைக்காது. விட்டுப் பார்த்தால் எடைதான் குறையும். மாமியிடம் அதை விளக்க நான் போகவில்லை. கிளினிக்கில் போடும் எடைக் கோட்டைக் காட்டினேன், பிறகு அவரே தேங்காய் துருவ வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே முதல் வேலை: அந்தக் கடை இடியப்பத்தை வீட்டில் அப்படியே எடுப்பது. நல்ல காலம், கடைசி நாள் வாங்கியதில் கொஞ்சம் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்தது. டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன், 1,800 ரூபா. ஒரு இடியப்பம் 27க்கும் 30 கிராமுக்கும் இடையில் நின்றது. வேர்னியர் அளவுகோலை வைத்து நூலை அளந்தேன், காயாத இடத்தில் 1.2 மி.மீ. எங்கள் வீட்டு இடியப்ப உரலின் அச்சில் ஓட்டை பெரிது. நகரத்தில் பாத்திரக் கடையெல்லாம் ஏறி இறங்கி, சின்ன ஓட்டை அச்சு தனியாக விற்கும் ஒருவரைப் பிடித்தேன்.

மாவுதான் இழுபட்டது. வறுத்த வெள்ளை அரிசி மாவில் மட்டும் செய்தால் நூல் சொரசொரப்பு. கடை இடியப்பம் வழுவழுவென்று இருந்தது. மனைவி அதை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதில அவிச்ச கோதம்ப மா இருக்கு," என்றாள். அதன் பிறகு கலவையை மாற்றி மாற்றிப் பிழிந்து, அரிசி மா 200 கிராம், அவித்து அரித்த கோதுமை மா 100 கிராம், உப்பு 4 கிராம், தண்ணீர் 340 மில்லி லீற்றர் என்று வந்து நின்றோம். நன்றாகக் கொதிக்கும் தண்ணீரை முதலில் அரிசி மாவில் ஊற்றிக் கிளறி, கொஞ்சம் ஆறிய பிறகுதான் கோதுமை மாவைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கொதிநீர் ஊற்றினால் பிசின் மாதிரி இழுபடும், பிழியக் கை போதாது. இந்த அளவுக்கு ஏறக்குறைய 22 இடியப்பம் வரும். மனைவிக்கு இந்த அளவைகள் பிடிக்கவில்லை. கைக்கணக்கில் சமைத்துப் பழகியவள், தராசை வைத்தால் கை கூசுகிறது என்றாள். பிறகு பழகிவிட்டது.

நிறம், எடை, நூல் மூன்றும் சரி. கொண்டுபோய் வைத்தோம். எடுத்தாள், மணந்தாள், கவிழ்த்தாள், அடிப்பக்கத்தில் பெருவிரலை வைத்து மெதுவாகத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. திருப்பி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

அந்த இடத்தை நானும் தடவிப் பார்த்தேன். ஐந்து சதக் குத்தி அளவுக்கு ஈரம், நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கிடந்தன. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாங்கள் பாவித்தது பிளாஸ்டிக் தட்டு. நீராவி மூடியில் பட்டு, சொட்டாக விழுந்து, மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு வழிந்து அடியில் தேங்குகிறது. கடை அம்மா பாவித்தது பிரம்புத் தட்டு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பிரம்பு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். பிரம்புத் தட்டு ஒரு செட் வாங்கினோம், மூடிக்கு உள்ளே பருத்தித் துணியை இழுத்துக் கட்டினோம், அவிக்கும் நேரத்தை எட்டு நிமிடத்திலிருந்து ஆறாகக் குறைத்தோம். இறக்கியதும் அடுக்காமல் சுளகில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து ஆறவிட்டோம். இந்தத் தடவையும் கவிழ்த்துப் பார்த்தாள், தடவினாள். இருந்தாள். சாப்பிட்டாள்.

சமையல் வெப்பமானி ஒன்றும் வாங்கியிருந்தேன். அவள் எடுக்கும்போதெல்லாம் மிச்சத்தில் குத்திப் பார்த்ததில், 40 பாகைக்கு மேலே இருந்தால் காத்திருக்கிறாள், ஊரின் வெப்பநிலைக்கு வந்து விறைத்துவிட்டால் விட்டுவிடுகிறாள். நடுவில் உள்ள பத்து நிமிடம்தான் எங்களுக்குக் கிடைக்கும் நேரம். 'இன்றைக்குச் சாப்பிட்டாள், நேற்று ஏன் சாப்பிடவில்லை' என்ற பழைய சண்டையில் பாதி இதற்குள் அடங்கிவிட்டது.

மிச்சப் பாதி மேசையைச் சுற்றி இருந்தது, அது என்னுடைய தொழில். இராச் சாப்பாட்டை அவள் காதைப் பொத்திக்கொண்டுதான் சாப்பிடுவாள். காதைப் பொத்த இரண்டு கை வேண்டும், பிறகு எந்தக் கையால் சாப்பிடுவது? மேலே பழைய ரியூப் லைற், சோக் வைத்தது. எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அது செக்கனுக்கு 100 தரம் மினுங்கும், சோக்கும் அதே வேகத்தில் ரீங்காரம் போடும். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. மின்விசிறியின் ரெகுலேட்டர் திருகிக் கூட்டிக் குறைக்கும் இலத்திரனியல் வகை. குறைந்த வேகத்தில் மோட்டர் உறுமும். ஊரெல்லாம் இதையே பூட்டிக் கொடுத்தவன் நான், சொந்த வீட்டில் ஏணி வைத்துக் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்ட பிறகுதான் அது எவ்வளவு சத்தம் என்று பட்டது. லைற்றை மினுங்காத எல்ஈடி ஆக்கினேன், ரெகுலேட்டரைக் கண்டென்சர் வகைக்கு மாற்றினேன். இரண்டும் சேர்த்து 3,000 ரூபாவுக்குள். கைபேசியில் ஒலி அளக்கும் செயலியைப் போட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, ஆனால் முன்னைக்கும் பின்னைக்கும் வித்தியாசம் பார்க்கப் போதும். இரைச்சல் விழுந்தது. அதைவிட விழுந்தது எவர்சில்வர் சாப்பாட்டுக் கோப்பையை மெலமைன் கோப்பைக்கு மாற்றியபோது. கரண்டி உரசும் அந்தக் கீச்சுத்தான் செயலியில் மிக உயரமாக ஏறிய கோடு. மிக்சியை அவள் சாப்பிடும் நேரத்தில் போடுவதில்லை என்பது செலவில்லாத திருத்தம்.

கோப்பை மூன்று அறை உள்ளது, 650 ரூபா. ஒரு அறையில் உள்ளது மற்றதில் தொடாது. புதுச் சாமான் எப்போதும் வலப்பக்கச் சின்ன அறையில், நகத்தளவு. அவள் அதைச் சாப்பிட வேண்டியதில்லை. அது அங்கே இருக்கலாம், அவ்வளவுதான். என்ன சமைப்பது, எப்போது வைப்பது எங்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது அவள் பொறுப்பு. இந்த எல்லையைக் காப்பாற்றுவதுதான் வீட்டில் எல்லோருக்கும் மிகக் கஷ்டமாக இருந்தது. "ஒரே ஒரு வாய் மகள்" என்று யாராவது வாயைத் திறந்தால் அன்றைக்கு எல்லாம் முடிந்தது.

மணம் இதைவிடச் சிக்கல். மீன் இல்லாமல் திருகோணமலையில் வீடு நடத்த ஏலாது. காலையில் சூடை வரும், பின்னேரம் கருவாடு பொரியும். எங்கள் குசினி மேற்குப் பக்கம், சாப்பாட்டு மேசை கிழக்கே கடல் பக்கம். ஆறு அங்குலக் காற்று வெளியேற்றும் விசிறியை மேற்குச் சுவரில் பூட்டினேன், குசினிக்குக் கிட்ட அதுதான் இடம். மார்கழியில் வாடைக்காற்றுக்கு அழகாக வேலை செய்தது. வைகாசி பிறந்து மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் விசிறி ஓடிக்கொண்டிருக்கவே பொரித்த மணம் முழுதும் மேசைக்கு வந்தது. அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் ஊதுபத்தி கொளுத்திக் குசினியில் பிடித்துப் பார்த்தேன். புகை விசிறிப் பக்கம் ஒரு சாண் போய், தடுமாறி, திரும்பி நேராக மண்டபத்துக்கு நடந்தது. கச்சான் வெளியே இருந்து தள்ளும் தள்ளுக்கு அந்தச் சின்ன மோட்டர் எம்மாத்திரம்? வடக்குச் சுவரை உடைத்து அங்கே மாற்றினேன், பழைய ஓட்டையை அடைத்துப் பூசினேன். விசிறி 6,500, மேசன் கூலி 3,000. ஊதுபத்திப் பரிசோதனையை முதலே செய்திருந்தால் இந்த மேசன் காசு மிச்சம். இரண்டு காற்றுக் காலத்திலும் பார்க்காமல் விசிறிக்கு ஓட்டை வெட்டக் கூடாது என்று இப்போது வாடிக்கையாளர்களுக்கும் சொல்கிறேன்.

இவ்வளவும் பழைய நாலு உணவையும் தக்கவைக்கத்தான். புதிதாக ஒன்று சேர்ப்பது அதன் பிறகு.

எல்லோரும் சொல்லும் வழி, ஒளித்துக் கலப்பது. கரட்டை அரைத்துப் பிழிந்து இடியப்ப மாவுக்குள் கொஞ்சம் போட்டோம், நிறம் தெரியாத அளவு. மேசைக்கு வரும் முன்னமே மணத்தில் பிடித்துவிட்டாள். கரட் போனால் போகட்டும். அதோடு இடியப்பத்தையே நம்பாமல் விட்டுவிட்டாள். திரும்ப எடுக்கும் வரை கிழமைக்கணக்கில் பிஸ்கட்டும் பாலும்தான். இருக்கும் சில நம்பிக்கையான உணவில் ஒன்றைப் பணயம் வைத்துச் சூதாடும் வேலை இது. யாராவது கேட்டால், வேண்டாம் என்பேன்.

வேலை செய்த வழி, அவள் பார்க்கப் பார்க்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பட்டியலைத் திரும்பப் பார்த்தோம். மரவள்ளிப் பொரியலில் அவளுக்குப் பிடித்தது மரவள்ளியா, மொறுமொறுப்பா? மொறுமொறுப்பு. கடிக்கும்போது வரும் சத்தம் தன்னுடையது, எப்போது வரும் என்று தெரியும், அதற்குக் காதைப் பொத்துவதில்லை. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். கடற்கரைப் பொரியலிலிருந்து வீட்டுப் பொரியல். அதிலிருந்து அதே தடிப்பில் உருளைக்கிழங்கு. பிறகு அப்பளம், முதலில் உடைத்த துண்டு, பிறகு முழுசு. அப்பளம் உளுந்து, அதனால் ஒரு பருப்பு உள்ளே வந்துவிட்டது. அதிலிருந்துதான் வடை.

வடைக்கு வெங்காயம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் ஒன்றும் இல்லை. ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தாலும் கோப்பை தள்ளப்படும். ஊறிய வடைப்பருப்பு, உப்பு, அவ்வளவும்தான். கடை வடை நடுவில் மெத்தென்று இருக்கும், வெளியே ஒன்று உள்ளே ஒன்று, அவளுக்கு ஆகாத கூட்டு. நடுப்பகுதியே இல்லாத வடை வேண்டும். 4 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு சட்டம் வெட்டி, பொலித்தீன் சுற்றி, இடையில் மாவை வைத்து மேலே போத்தலை உருட்டினேன். எல்லா வடையும் ஒரே தடிப்பு. 6 மி.மீ.யில் பொரித்தபோது ஓரத்தை மட்டும் கடித்துவிட்டு நடுவை விட்டாள். 4இல் மிச்சமில்லை.

கொய்யாவும் அதே வழியில் வந்ததுதான். வாழைப்பழம், பப்பாளி எல்லாம் அவளுக்கு வழுக்கும் சாமான். ஆனால் செங்காய்க் கொய்யா கடித்தால் சத்தம் போடும். விதைப் பகுதியை முழுவதும் எடுத்துவிட்டு, தோல் சீவி, பொரியல் வடிவத்தில் மெல்லிய சீவலாக்கி வலப்பக்க அறையில் வைத்தோம். வெகுநாள் அப்படியே இருந்தது. ஒரு நாள் மணந்தாள், பிறகொரு நாள் நக்கினாள், பிறகு கடித்துத் துப்பினாள். துப்புவதும் முன்னேற்றம் என்று கொப்பியில் இருக்கிறது. இப்போது நாலைந்து சீவல் தின்கிறாள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, தோடம்பழத்தைவிடப் பல மடங்கு. பருப்போடு சேர்த்துச் சாப்பிட்டால் பருப்பின் இரும்பும் உடம்பில் கூடுதலாகச் சேரும் என்பதால் வடையும் கொய்யாவும் ஒரே கோப்பையில் போகின்றன. பழுத்துவிட்டால் அவளுக்கு அது வேறு சாமான், மணமும் வேறு, பதமும் வேறு. அதனால் சாம்பல்தீவுப் பக்கம் இருந்து காய் கொண்டுவரும் அண்ணர் ஒருவரிடம் காயாகவே தரச் சொல்லியிருக்கிறோம்.

திரும்பத் தொடங்கினால் வரிசையை மாற்றுவேன். முதலில் லைற், விசிறி, கோப்பை, மணம். பிறகுதான் அச்சும் மாவும். அந்த இரைச்சலுக்குள் எத்தனை நல்ல இடியப்பம் வீணாகப் போனதோ. இரண்டாவது, அவள் நம்பும் உணவு எதற்கும் இரண்டு வழி வைத்திருப்பேன். பிஸ்கட் கம்பனி பக்கற்றின் நிறத்தை மாற்றினால்கூட அதே பிஸ்கட் வேறு பிஸ்கட் ஆகிவிடும், அதனால் நாங்கள் இப்போது பக்கற்றிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் போட்டுத்தான் காட்டுகிறோம். இடியப்ப மாவும் அரிசி மா 200, கோதுமை மா 100 கிராம் என்று தனித்தனிப் பைகளாக நிறுத்துக் கட்டி வைத்திருக்கிறது, யார் பிழிந்தாலும் ஒன்றே.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுப் பெட்டி இன்னும் சரிவரவில்லை. சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து அடிப்பக்கம் பழையபடி கூழ். ஆறவிட்டு மூடினால் விறைப்பு. பெட்டியின் அடியில் பிரம்புத் தட்டு அளவுக்கு ஒரு சட்டம் வைத்து உயர்த்திப் பார்க்கிறேன், வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் கறி மணத்துக்கு என்னிடம் மருந்தில்லை. அதுவரை அங்கே பிஸ்கட்தான்.

மீன் இன்னும் பட்டியலில் இல்லை. நெத்தலியைத் தலை கிள்ளி, மாப் பிரட்டி, மொறுமொறுவென்று பொரித்தால் அதே கயிற்றில் வரும் என்று எனக்கொரு கணக்கு. மனைவி நம்பவில்லை. பொரிப்பது வீட்டுக்குள் கூடாது. பின் வளவில், கிணற்றடிக்கு அந்தப் பக்கம் காஸ் அடுப்பு வைக்க ஒரு தகரக் கூரை போட்டுக்கொண்டிருக்கிறேன். கச்சான் காலத்தில் அங்கே பொரித்தால் மணம் முழுதும் ஜன்னல் வழியாக உள்ளே வரும், அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை முடிந்தால் வாடையில் தொடங்கலாம்.